ராஜபார்ட் யின்ஷியெனின் குடும்பம்

சின்சாங் மலைப் பக்கத்துப் பெண்கள் அவ்வளவு உயரமாக வளர்வதில்லை. யின்ஷியென் வளர்ந்தாள். பதினாறு வயதில் வீட்டுக் கதவு நிலை அவள் நெற்றியில் இடித்தது. அகலமான தோள், ஒடுங்கிய இடுப்பு. தேயிலைக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு அவள் சரிவில் இறங்கும்போது, பின்னாலிருந்து பார்த்தவர்கள் "டேய் தம்பி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மாவட்டத் தலைநகரில் ஒரு தனியார் நாடகப் பள்ளி திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அவளுடைய மாமா, ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

"குரல் சுமார்தாங்க. ஆனா ஆளப் பாருங்க," என்றார்.

பள்ளிக்காரர்கள் நடக்கச் சொன்னார்கள். திரும்பி நடக்கச் சொன்னார்கள். ராஜபார்ட் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பக்கத்துப் பாட்டு நாடகத்தில் ஆண் வேஷமும் பெண்கள்தான் கட்டுவார்கள். படிக்கப் போகும் இளம் பண்டிதன், தேர்வில் தேறி அதிகாரியாகத் திரும்பும் மாப்பிள்ளை, பிரிந்த மனைவியைத் தேடி அழும் கணவன் எல்லாமே பெண்தான். அது பிடித்திருக்கிறதா என்று யின்ஷியெனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குப் பதில் தெரிந்திருக்காது. மூன்று வேளையும் சோறு போட்டார்கள். தேயிலை பறிக்கிற வேலை இல்லை. அது போதுமாக இருந்தது.

பள்ளி முடித்ததும் ஆலியெனின் குழுவில் சேர்ந்தாள். ஆலியென் ஒரு காலத்தில் கோமாளி வேஷம் கட்டியவள். பிறகு ஒரு லாரியும் கொஞ்சம் திரைச்சீலையும் வாங்கிக் குழு நடத்த ஆரம்பித்தாள். தைச்சோ கடற்கரை ஊர்களில்தான் குழுவுக்கு வேலை. மீன் பிடிக்கிற ஊர்களில் சாமிக்குப் பிறந்தநாள் என்றால் நாடகம் வைத்தே ஆக வேண்டும். ஐந்து நாள், ஏழு நாள், மதியம் ஒன்று, இரவு ஒன்று. ஒரு கோயில் மேடையில் ஆட்டம் முடிந்ததும் பெட்டிகளை லாரியில் ஏற்றி அடுத்த ஊர். தூங்குவதெல்லாம் மேடைக்குப் பின்னால், பலகை போட்டுக் கொசுவலை கட்டி. வருஷத்தில் வீடு என்று போவது கோடை உச்சத்தில் ஒரு மாதம், பன்னிரண்டாம் மாதத்தில் சில நாட்கள்.

பாய்கென் அந்தக் குழுவின் தாளக்காரன். வலது கையில் மூங்கில் குச்சி, இடது கையில் மரக்கட்டை. அவன் கட்டையைத் தட்டினால்தான் பிடில் எழும்பும், திரை விலகும், ஆள் நடக்கும். மேடைக்கு வலப்பக்க ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நடிகர்களின் காலையும் வாயையும் பார்த்துக்கொண்டே இருப்பான். யின்ஷியெனுக்கு நீண்ட வரியை ஒரே மூச்சில் பாட வராது. நடுவில் எங்கேயாவது திருட்டு மூச்சு வாங்குவாள். அந்த இடத்தில் பாய்கென் கட்டையை லேசாக ஒரு தட்டுத் தட்டிக் கூட்டத்துக்குத் தெரியாமல் மூடிவிடுவான். அவள் கேட்டுச் செய்ததல்ல. இரண்டு வருஷம் அப்படி மூடியபின், "நாம கட்டிக்கலாமா?" என்றான். அவள் சரி என்றாள்.

மகள் பிறந்தாள். லிச்சிங் என்று பெயர் வைத்தார்கள். பால் மறக்கும்வரை அம்மாவின் கொசுவலைக்குள் வளர்ந்தவள், பிறகு மாவட்டத் தலைநகரில் இருந்த பாய்கெனின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

யின்ஷியெனுக்கு முப்பது தாண்டியபோது சுய்லான் வந்தாள். ஷெங்சோ பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, சின்ன முகம், அழுதால் மூக்கு சிவக்காது. ஸ்திரீபார்ட்டுக்கு அது பெரிய வரம். இரண்டு பேரையும் ஜோடி போட்டுப் பார்த்த முதல் ஊரிலேயே ஆலியெனுக்குத் தெரிந்துவிட்டது. கோயில் வாசலில் வேர்க்கடலை விற்கிறவள்கூட கடையை விட்டுவிட்டு வந்து நின்றாள். அதற்கப்புறம் ஊர்க்காரர்கள் போன் செய்யும்போது நாடகத்தின் பேரைச் சொல்வதில்லை. "அந்த உசரமான மாப்ளயும் அந்தச் சின்னப் பொண்ணும் வருவாங்கல்ல?" என்று மட்டும் கேட்டார்கள்.

பத்து வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது. பக்கத்துப் பக்கத்துப் பலகையில் படுத்தார்கள். யின்ஷியெனின் தலைக்கட்டை சுய்லான் இறுக்கிக் கட்டுவாள். ராஜபார்ட்டுக்குக் கண் மேலே இழுத்து நிற்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் முகம் கிழடு தட்டிவிடும். "இன்னும் இறுக்கவா அக்கா?" என்பாள். "இறுக்கு." "மூளை வெளிய வந்துரும்." "இருந்தாத்தான வரும்." லிச்சிங் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சின்னம்மா, சின்னம்மா என்று சுய்லானின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே திரிவாள்.

யூஹுவான் பக்கத்தில் ஒரு மீன்பிடி ஊர். புதுவருஷம் கழிந்த முதல் மாதம். மதிய ஆட்டம் முடிந்து இரவு ஆட்டத்துக்கு நேரம் இருந்தது. அரிதாரத்தைக் கலைக்காமல் யின்ஷியென் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து கீரை போட்டு வதக்கிய அரிசிமாவுக் கட்டி தின்றுகொண்டிருந்தாள். உதட்டுச் சாயம் போகாமல் இருக்கப் பல்லால் மட்டும் கடித்து இழுத்துத் தின்பது அவள் பழக்கம். பாய்கென் தன் கிண்ணத்தோடு வந்து எதிரில் குந்தினான்.

"சுய்லான் மாசமா இருக்கா," என்றான்.

"யாரு?"

"நான்தான்."

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதையும் தின்றாள்.

"எத்தன மாசம்?"

"மூணு இருக்கும்."

"டாக்டரப் பாத்தாளா?"

"பாத்தா." பாய்கென் கிண்ணத்தைத் தரையில் வைத்தான். "அவளுக்கு முப்பத்தஞ்சு ஆவுது. இத விட்டா இனி இல்லன்னு சொல்லிட்டாங்க. நான் என்ன சொல்றதுன்னு..."

"அந்த கிண்ணத்தக் குடு. கழுவப் போறேன்."

இரண்டு கிண்ணங்களையும் குழாயடியில் கழுவினாள். தண்ணீர் பனியாகக் குளிர்ந்தது. விரல் நுனிகள் மரத்துப் போயின. நெஞ்சுக்குள் ஏதாவது வரும் என்று கொஞ்சநேரம் அங்கேயே நின்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்குமே, அப்படித்தான் இருந்தது. அன்று இரவு தலைக்கட்டை அவளே கட்டிக்கொண்டாள். மூன்றாவது காட்சியில் சுய்லானைக் கைப்பிடித்து மூன்று முறை வணங்கிக் கல்யாணம் செய்துகொண்டாள். வரிகள் எதுவும் தவறவில்லை.

இரண்டு நாளில் குழு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. ஆலியென் அவளைக் கோயில் சமையலறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ கத்து. அடி. அவ தலமயிரப் பிடிச்சு இழு. நான் கண்ணத் திருப்பிக்கிறேன். ஆனா போயிராத. நாலாம் மாசம் வரைக்கும் ஊருங்களுக்கு வாக்குக் குடுத்தாச்சு. எல்லாம் உங்க ரெண்டு பேரு மூஞ்சிக்குத்தான்."

"நான் போறேன்னு சொல்லலயே."

"அவளத் தொரத்தட்டுமா? சொல்லு, வேற பொண்ணப் பாக்குறேன்."

"அவ போனா கடைசிக் காட்சிக்கு யாரு இருக்கா?"

ஆலியென் அவள் முகத்தையே பார்த்தாள். பதினெட்டு வயதிலிருந்து தெரிந்த முகம். "உனக்கு ஒண்ணுமே வேணாமா?"

யின்ஷியென் யோசித்தாள். "என் கொசுவலைய அந்தப் பக்கம் மாத்திக்கிறேன். துணிப் பெட்டிங்க கிட்ட."

அவ்வளவுதான் கேட்டாள்.

விவாகரத்துக்குச் சொந்த மாவட்டத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு ஓய்வு நாள் கிடைத்தது. குழுவின் வேனிலேயே போனார்கள். சுய்லானுக்கும் அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் பரிசோதனை இருந்ததால் அவளும் பின்சீட்டில் வந்தாள். வழியில் அவளுக்குக் குமட்டியபோது, "வண்டிய நிறுத்து," என்று டிரைவரிடம் சொன்னது யின்ஷியென்தான். பாய்கென் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

அலுவலகத்தில் இருந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சண்டையே இல்லன்னு சொல்றீங்க. இத்தன வருஷம் கழிச்சு எதுக்கு? இன்னொரு தடவ வீட்டுக்குப் போய்ப் பேசிப் பாக்கலாமே."

"வெளிய வேன் நிக்குது," என்றாள் யின்ஷியென். "இருட்டுறதுக்குள்ள மேடை கட்டணும்."

லிச்சிங் அப்போது நிங்போவில் செவிலியர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. போனில் அழுதாள், பிறகு கத்தினாள்.

"இன்னமும் அவ கூட ஆடுறீங்களா?"

"ம்."

"அவளக் கட்டிப் பிடிச்சு அழுறீங்களா?"

"கடைசிக் காட்சியில அழணும்ல."

"அம்மா, நீங்க மனுஷியா, கல்லா?"

யின்ஷியென் பதில் சொல்வதற்குள் உள்ளே கட்டைச் சத்தம் கேட்டது. "ஆட்டத்துக்கு நேரமாச்சும்மா," என்றாள். மகள் போனை வைத்துவிட்டாள். அதன்பின் பல மாதம் கூப்பிடவில்லை.

ஷென் அக்கா யூஹுவான் சந்தையில் கருவாடு விற்கிறவள். குழு அந்தக் கடற்கரையில் எங்கே நாடகம் போட்டாலும் மின்சார ஸ்கூட்டரில் வந்து முன்வரிசையில் உட்காருவாள். யின்ஷியெனை அவள் மாப்ளே என்றுதான் கூப்பிடுவாள். வரும்போது அவித்த முட்டையோ, காய்கறியும் இறாலும் வைத்துச் சுருட்டிய தோசையோ கொண்டுவருவாள். விஷயம் காதில் விழுந்த மறுநாளே வந்துவிட்டாள்.

"எங்க அவ? உன் பொண்டாட்டி? எம் மாப்ளயோட புருஷனத் தூக்கிட்டுப் போனவ?" அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "பாரு, திட்டக்கூட மொறயா வரமாட்டேங்குது."

"தோசைய இப்டிக் குடுங்க. ஆறிப்போவுது."

ஷென் அக்கா கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தின்பதைப் பார்த்தாள். "அவ கையப் புடிக்கிறப்ப உனக்கு ஒண்ணும் தோணலயா?"

"சூடா இருந்துச்சு."

"வேற?"

"வேறென்ன. ரெண்டாவது வரியில அவ சுருதி எறங்கிச்சு. நான் கொஞ்சம் எறக்கிப் பாடுனேன்."

"உன்ன வச்சிக்கிட்டு ஒரு சண்டகூடப் போட முடியாது மாப்ளே," என்று ஷென் அக்கா பெருமூச்சு விட்டாள். போகும்போது சுய்லானின் பெட்டிமேல் இருந்த செருப்பை மட்டும் காலால் தள்ளிவிட்டுப் போனாள்.

குழுவில் வேறொரு விஷயத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அவர்கள் ஆடும் நாடகங்களில் ஒன்றில், பண்டிதன் யாரோ சொன்ன பொய்யை நம்பி மனைவியைக் கன்னத்தில் அறைவான். அந்த ஒரு அறைக்காகவே கடற்கரைப் பெண்கள் அந்த நாடகத்தைக் கேட்பார்கள். முந்தைய ஊர்களில் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் ஒரு தீவில், கோயில் கமிட்டித் தலைவர் அதையே மதிய ஆட்டமாகக் கேட்டுவிட்டார். ஆலியென் வேறு நாடகம் போடலாம் என்று பேசிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

அன்று மேடையின் இரு ஓரத்திலும் கூட்டம். சமையல்காரன்கூடக் கரண்டியோடு வந்து நின்றான். சுய்லானுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. இடுப்புக் கச்சையை மார்புக்குக் கீழே ஏற்றிக் கட்டி மறைத்திருந்தாள். அரிதாரத்துக்கு மேலேயே அவள் முகம் வெளுத்திருந்தது தெரிந்தது.

அந்த அறை எப்படி நடக்கும் என்றால், யின்ஷியென் நீண்ட சட்டைக் கையை உதறி வீசுவாள். உள்ளங்கை கன்னத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நிற்கும். அதே கணத்தில் பாய்கென் கட்டையை ஓங்கித் தட்டுவான். சுய்லான் சுழன்று விழுவாள். கையும் கட்டையும் ஒன்றாக வந்தால் கடைசி வரிசையில் இருப்பவனுக்குக்கூடக் கன்னம் வலிக்கும். பத்து வருஷமாக ஒரு தடவையும் அது பிசகியதில்லை.

யின்ஷியென் வரியைப் பாடி முடித்தாள். திரும்பினாள். சுய்லான் கண்ணை மூடிக்கொண்டாள். அப்படி மூடுவது நாடகத்தில் கிடையாது. நிஜமாகவே விழப்போகும் அறைக்காக முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பற்களைக் கடித்திருந்தது யின்ஷியெனுக்குத் தெரிந்தது. அடிக்கலாம் என்பது அவள் மனதில் ஓடியது. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஊர்க்காரர்கள் கைதட்டுவார்கள், ஒருவேளை சுய்லானுக்கே அது நிம்மதியாக இருக்கும். இதெல்லாம் அவளுக்கு யாரோ சொல்லிக் கேட்பதுபோல் கேட்டது. கை போய், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றது.

கட்டைச் சத்தம் வரவில்லை.

பாய்கென் கட்டையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தான். அவன் கண் யின்ஷியெனின் கையில் இல்லை, முகத்தில் இருந்தது. சுய்லான் கண்ணைத் திறந்தாள். அப்புறம்தான் கட்டைச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு சுய்லான் விழுந்தாள். முன்வரிசைப் பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். "காத்துல அடிச்சாலே விழுறா பாரு," என்று ஒரு குரல் வந்தது.

யின்ஷியென் அடுத்த வரியை எடுத்தாள். தரையில் கிடந்தவள் எழுந்திருக்கும் இடத்தில், நாடகப்படி பண்டிதன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவள் திருப்பிக்கொண்டாள். ஆனால் முதுகுப் பக்கமாகக் கையை நீட்டினாள். கனத்த வயிற்றோடு சுய்லான் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும்போது பாய்கென் வந்தான். "லேட்டாயிருச்சு," என்றான். "நீ அடிச்சிருவன்னு நெனச்சேன்."

"எல்லாரும் நெனச்சீங்க." அவள் கனத்த அடி வைத்த பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "இதப் புடிச்சு இழு. கால் வீங்கியிருக்கு."

அவன் குந்தி உட்கார்ந்து இழுத்துக் கழற்றினான். வைத்துவிட்டுப் போனான்.

நாலாம் மாதக் கடைசியில் கடைசி ஊர். சுய்லான் மறுநாள் ஆட்டத்தோடு நிற்கப்போகிறாள் என்று ஆலியென் சொல்லியிருந்தாள். சாயங்காலம் துணிப் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் சுய்லான் வந்து நின்றாள். இத்தனை மாதத்தில் மேடைக்கு வெளியே அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"அக்கா, ஒரு வார்த்த திட்டிருங்க."

"என்னன்னு திட்டுறது?"

"எதையாவது. உங்க சோத்தத் தின்னுட்டு, உங்க பக்கத்துல படுத்துட்டு... எனக்கே தெரியுது. எல்லாரும் திட்டிட்டாங்க. நீங்கதான் பாக்கி."

யின்ஷியென் அவளைப் பார்த்தாள். தேடிப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கிடைத்தால் கொடுத்துவிடலாம் என்று நிஜமாகவே தேடினாள். மேடையில் எத்தனை வசவு பாடியிருக்கிறாள். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"வேர்வையில நிக்காத. போய்ப் படு," என்றாள். "நாளைக்கு மதியமும் ஆடணும்."

சுய்லான் அழுதுகொண்டே போனாள். அன்றைக்கு அவள் மூக்கு சிவந்திருந்தது.

கோடை முடியும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. குழுவுக்குப் புது ஸ்திரீபார்ட் வந்தாள். இருபது வயது, நல்ல குரல், சேர்ந்து ஆடும்போது பயத்தில் யின்ஷியெனின் சட்டைக் கையை மிதித்துவிடுவாள். ஊர்க்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். ஷென் அக்கா மட்டும் "இது உனக்குத் தங்கச்சி மாதிரி இருக்கு மாப்ளே, பொண்டாட்டி மாதிரி இல்ல," என்றாள்.

அடுத்த வருஷம் சுய்லான் திரும்பி வந்தாள். பாய்கென் ஒருவன் சம்பாத்தியத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. குழந்தை பெற்ற உடம்பு இறங்கவில்லை, குரலும் கனத்துவிட்டது. அதனால் ஆலியென் அவளுக்கு அம்மா வேஷம் கொடுத்தாள். நரைத்த முடி, கைத்தடி, பழுப்பு அங்கி. இப்போது நாடகத்தில் அவள் யின்ஷியெனின் தாய். தலைநகருக்குப் போகுமுன் பண்டிதன் தாயின் காலில் விழுந்து வணங்கும் காட்சியில், யின்ஷியென் முழங்காலிட்டுத் தலை குனிந்தாள். சுய்லானின் கை நடுங்கியபடியே அவள் தோளில் பட்டது. நடுக்கம் கிழவி வேஷத்துக்குப் பொருத்தமாக இருந்தது என்று ஆலியென் பாராட்டினாள்.

குழந்தையும் குழுவோடுதான் இருந்தது. வேலையில்லாதவர் யாரோ அவர் தூக்கிக்கொள்வது மேடைக்குப் பின்னால் வழக்கம். ஒரு மதியம் அது பெட்டிமேல் உட்கார்ந்து வீறிட்டது. அம்மா மேடையில், அப்பா கட்டையில், சமையல்காரன் சந்தைக்குப் போயிருந்தான். யின்ஷியென் தன் காட்சிக்காக ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். போய்த் தூக்கினாள். கனமாக இருந்தது. அழுகை நின்றது. அவள் தொப்பியின் பக்கவாட்டுச் சிறகைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. மூக்கு பாய்கெனுடையது, லிச்சிங்குக்கும் அதே மூக்குதான். அந்த மூக்கை ஒரு விரலால் தொட்டாள். பாட்டு எடுக்கும் நேரம் வந்துவிட்டது. சிறகை எச்சிலோடு பிடுங்கித் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் திரைக்காரனிடம் கொடுத்துவிட்டு மேடை ஏறினாள்.

அந்த வருஷக் கடைசியில் லிச்சிங் வந்தாள். முன்கூட்டிச் சொல்லாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் முடிந்து பின்னால் வந்தவள் அப்பாவோடு பேசவில்லை, சுய்லானையும் பார்க்கவில்லை. அம்மாவின் பலகையில் உட்கார்ந்து, வீங்கிய கால்களைத் தன் மடியில் எடுத்துவைத்து, படித்த படிப்புக்குத் தகுந்தபடி அமுக்கிப் பார்த்தாள்.

"வேற குழுவுக்கு வந்துருங்கம்மா. நிங்போல ஒரு பெரிய குழு இருக்கு, எனக்குத் தெரிஞ்சவங்களோட அத்த நடத்துறாங்க. தனி ரூம் குடுப்பாங்க. உங்களப் பத்திக் கேட்டுட்டேன். நாளைக்கேன்னாலும் வரச் சொல்றாங்க. இந்த மூஞ்சிங்களப் பாக்க வேணாம்."

யின்ஷியென் மறுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் காலை ஆலியெனிடம் போய், மகள் இப்படிச் சொல்கிறாள் என்று அவளே சொன்னாள். ஆலியெனுக்கு முகம் சுருங்கியது.

"போயிருவியா?"

"இல்ல. நிங்போல தாளம் வேற ஆளு."

"அதனால?"

"எம் மூச்சு எங்க நிக்கும்னு அவனுக்குத் தெரியாது. பழகறதுக்கு எத்தன வருஷம் ஆவும்? எனக்கு நாப்பத்தஞ்சு."

ஆலியென் இதைக் குழுவில் போய்ச் சொல்லிவிட்டாள். யின்ஷியென் இன்னமும் பாய்கெனை மறக்கவில்லை, அதனால்தான் போகமாட்டேன் என்கிறாள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். யின்ஷியென் யாரையும் திருத்தப் போகவில்லை. அவள் சொன்னதில் மறைத்துவைத்த அர்த்தம் ஒன்றும் இல்லை. நடுவயதில் உடம்பில் காற்று குறைந்துவிட்டது. முன்னே ஒரு வரியில் ஒரு இடத்தில் நின்ற மூச்சு, இப்போது இரண்டு இடத்தில் நிற்கிறது. இரண்டாவது இடத்தைப் பாய்கென் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து மூடியிருந்தான்.

லிச்சிங்குக்கும் அதையே சொன்னாள். "சரி, கால உசத்தி வச்சுப் படுங்க," என்றாள் மகள். மதியப் பேருந்தில் திரும்பிப் போனாள். போவதற்கு முன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டுப் போனதை யின்ஷியென் பார்த்தாள்.

மதிய ஆட்டத்துக்குப் பிறகு மழை வந்தது. திரைச்சீலைகளைக் கழற்றிச் சுருட்ட எல்லோரும் ஓடினார்கள். யின்ஷியெனும் போனாள். ஈரச் சீலையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையைச் சுய்லான் பிடித்தாள். முறுக்கிப் பிழிந்து, மடித்து, லாரியில் போட்டார்கள்.